தாவரக் கூறுகளும் நீரிழிவு இடரும்: சென்னை மக்களின் உணவை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

அரிசித் தவிடு, கேழ்வரகின் மேலுறை, வெந்தயம் ஆகியவற்றிலுள்ள தாவரக் கூறுகள் நீரிழிவு இடரோடு கொண்டுள்ள தொடர்பைச் சென்னையில் நிகழ்ந்த ஆய்வுகளின் துணையுடன் இக்கட்டுரை விளக்குகிறது. கூறுகளைத் தனியே பிரித்து உண்பதைவிட, அவை உறையும் தானியத்தை முழுமையாக உண்பதற்கே வலுவான சான்று உள்ளது என்பது இதன் கருத்தாகும்.

முன்னுரை

சென்னையில் வயதுவந்தோரிடையே நீரிழிவின் பரவல் 1989இல் 8.3 விழுக்காடாக இருந்தது. 2004ஆம் ஆண்டளவில் அது 14.3 விழுக்காட்டை எட்டியதாகச் சென்னை நகர்ப்புற ஊரக நோய்ப்பரவல் ஆய்வு (கியூர்ஸ்) கண்டறிந்தது. கோபாலபுரத்தை மையமாகக் கொண்ட மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் 2001இல் தொடங்கிய இவ்வாய்வின் முதற்கட்டத்தில் 26,001 பேர் இடம்பெற்றனர். இன்று மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு ஆகிய பகுதிகளின் நாட்டு மருந்துக் கடைகளில் பாகற்காய்ப் பொடியும் நாவற்கொட்டைப் பொடியும் நீரிழிவுக்கென்றே வாங்கப்படுகின்றன. ஆனால், சோற்றிலிருந்து எவை நீங்கியுள்ளன என்ற வினா அரிதாகவே எழுகிறது.

தாவரக் கூறுகள் செயற்படும் முறை

உணவிலுள்ள மாவுப்பொருளை அமிலேஸ், ஆல்பா குளுக்கோசிடேஸ் முதலிய நொதிகள் குளுக்கோசாகச் சிதைக்கின்றன. பாலிபீனால்கள் இந்நொதிகளின் வேகத்தைத் தணிக்க வல்லவை. கேழ்வரகின் மேலுறையிலுள்ள பீனால்கள் இவ்விரு நொதிகளையும் தடுப்பதை மைசூரு மைய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தினர் 2009இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினர். அகார்போஸ் என்னும் நீரிழிவு மருந்தும் இதே வழியில்தான் செயற்படுகிறது.

எனினும், சோதனைக் குழாயில் காணும் விளைவு உடலிலும் அதே அளவில் நிகழும் எனக் கொள்ள இயலாது. உண்ணும் பாலிபீனாலில் சிறு பகுதியே குருதியைச் சென்றடைகிறது. மெட்ஃபார்மின் மருந்தின் வரலாறும் இங்குக் கருதத்தக்கது. ஐரோப்பியச் செடியான கலேகாவிலுள்ள கலேகின் குருதிச் சர்க்கரையைக் குறைத்தது. ஆயினும் அது நச்சுத்தன்மை உடையது. அதனோடு உறவுடைய வேறொரு சேர்மமே 1957இல் பிரான்சில் மருந்தாக அறிமுகமானது. தாவரத்தில் ஒரு கூறு இருப்பது மட்டுமே அதனை மருந்தாக்கிவிடாது என்பதற்கு இது சான்றாகும்.

அரிசி தீட்டப்படும்போது நேரும் இழப்பு

கியூர்ஸ் ஆய்வில் 2,042 பேரின் உணவு ஆராயப்பட்டது. அவர்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 333 கிராம் தீட்டிய தானியம் உண்டனர். மொத்தக் கலோரியில் அதன் பங்கு ஏறத்தாழ 47 விழுக்காடு. அதில் பெரும்பகுதி வெள்ளரிசியாகும். தீட்டிய தானியத்தை மிகுதியாக உண்டவர்களிடம் இன்சுலின் எதிர்ப்பும் கூடுதலாக இருந்தது.

இதற்கான காரணத்தை அரிசியின் அமைப்பே விளக்குகிறது. தவிட்டிலுள்ள பெரூலிக் அமிலத்தின் பெரும்பகுதி நார்ச்சத்தோடு வேதிப்பிணைப்பில் உள்ளது. பெருங்குடல் நுண்ணுயிரிகள் நாரைச் சிதைக்கும்போதே அது விடுபடுகிறது. எனவே, தவிடு நீங்கும்போது நாரும் பீனாலும் மெக்னீசியமும் ஒருங்கே நீங்குகின்றன.

ஒரே வகைப் புழுங்கலரிசியைக் கொண்டு மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனத்தினர் 2017இல் வெளியிட்ட ஆய்வு இதனை உறுதிப்படுத்துகிறது. தீட்டாத அரிசியின் கிளைசெமிக் குறியீடு 57.6, சிறிதளவே தீட்டியதில் 73.0, முழுமையாகத் தீட்டியதில் 79.6. சிறிதளவு தீட்டுவதே பெரும் மாற்றத்தைத் தருகிறது என்பது கவனத்திற்குரியது. அந்நிறுவனம் 2014இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வில் உடற்பருமன் மிகுந்த 15 பேர் பங்கேற்றனர். வெள்ளரிசி உணவை ஒப்பிட, தீட்டாத அரிசியில் 5 நாள் சராசரிக் குளுக்கோஸ் ஏற்றம் 19.8 விழுக்காடும், அதனுடன் பருப்பு வகைகளைச் சேர்த்தபோது 22.9 விழுக்காடும் குறைந்தது. பங்கேற்றோர் சிலரே ஆதலின், இது நீரிழிவைத் தடுக்கும் என்பதற்கு நேரடிச் சான்றாகாது. உணவுக்குப் பிந்தைய சர்க்கரை ஏற்றத்தைத் தணிக்கும் என்பதற்கே சான்றாகும்.

வெந்தயமும் பொடிகளும்

ஊறிய வெந்தயத்தின் கொழகொழப்புக்குக் காரணம் காலக்டோமன்னன் என்னும் கரையும் நார். இரைப்பையிலிருந்து உணவு வெளியேறுவதையும் குளுக்கோஸ் உட்கவர்தலையும் அது தாமதப்படுத்துகிறது. இங்கும் பயனின் பெரும்பங்கு உணவின் கட்டமைப்பைச் சார்ந்ததே. மாறாக, மேலுறை நீங்கச் சலித்து நுண்ணியதாக அரைத்த கேழ்வரகு மாவு, முழுத் தானியத்தின் நன்மையை அப்படியே தருமென எதிர்பார்க்க இயலாது. பொடிகளை நம்பி மருத்துவர் தந்த மருந்தை நிறுத்துவது ஆபத்தானது. மருந்தோடு சேர்த்து உண்ணும்போது சர்க்கரை மிகத் தாழவும் கூடும்.

முடிவுரை

சென்னைச் சான்றுகள், எந்தத் தனிக்கூறு காக்கிறது என்று பிரித்துக் கூறவில்லை. நாரும் பீனாலும் கனிமமும் இணைந்த முழுத்தானியம் நலம் தருகிறது என்பதையே அவை சுட்டுகின்றன. வெள்ளரிசிச் சோற்றின் அளவைக் குறைத்தல், தீட்டாத அரிசியையும் பருப்பையும் காய்கறியையும் கூட்டுதல் ஆகியவை இதன் நடைமுறைப் பயன்களாகும். சோற்றில் இழந்த தவிட்டை ஒரு கரண்டிப் பொடி ஈடுசெய்யாது என்பது இவற்றால் பெறப்படும்.