சொட்டு எண்ணெய்தானே என்று விடலாமா?



லயத்து வாசலில் நிறுத்திய மோட்டாருக்கு அடியில் காலையில் பார்த்தால் கறுப்பாய் ஒரு வட்டம். "சொட்டுதானே, ஓடுற வரைக்கும் ஓடட்டும்" என்று பழந்துணியால் துடைத்து, துணியைக் கால்சட்டைப் பையில் செருகிக்கொண்டு வேலைக்குப் போகிறவர்கள் பலர். எஞ்சினுக்கு வரும் கேடு இருக்கட்டும். உங்கள் தோலுக்கு வரும் கேட்டைக் கேளுங்கள்.

புது எண்ணெய் அவ்வளவு கெட்டதல்ல. எஞ்சினில் ஓடிக் கறுத்த எண்ணெயில் பெட்ரோல் எரிந்த கழிவும் உலோகத் தூளும் கலந்திருக்கும். அது நாள்தோறும் தோலில் பட்டால் அரிப்பு, வெடிப்பு, முழங்கையிலும் தொடையிலும் சிறு கொப்புளங்கள் வரும். பல ஆண்டுகள் பட்டால் தோல் புற்றுநோயும் வரலாம். இங்கிலாந்தில் மான்செஸ்டர் வட்டாரப் பஞ்சாலைகளில், இயந்திர எண்ணெய் கால்சட்டையில் ஊறி, தொழிலாளர்களுக்கு விதைப்பைத் தோலில் புற்றுநோய் வந்ததை 1922இல் மருத்துவர்கள் எழுதினார்கள். எண்ணெய்த் துணியைப் பையில் வைக்காதீர்கள் என்பது அதனால்தான்.

கசிவை எப்படிக் கண்டுபிடிப்பது?

1. எஞ்சின் நன்றாக ஆறட்டும். சூடான எண்ணெய் கையைச் சுட்டுவிடும்.

2. சமதரையில் நேராக நிறுத்தி எண்ணெய் அளவைப் பாருங்கள். குறைந்தால் ஊற்றுங்கள். மேல் கோட்டைத் தாண்டி ஊற்றினால் அதுவே கசிவுக்குக் காரணமாகும்.

3. எஞ்சினைச் சோப்புத் தண்ணீரால் கழுவிக் காயவைத்து, சிறிது தூரம் ஓட்டிவிட்டுப் பாருங்கள். எண்ணெய் கீழே வழியும்; காற்றில் பின்னால் போகும். ஆகவே ஈரம் தெரிகிற இடங்களில் மிக மேலே, முன்னால் இருப்பதே பெரும்பாலும் கசியும் இடம்.

4. அடியில் எண்ணெய் இறக்கும் நட்டு என்றால், அடுத்த தடவை எண்ணெய் மாற்றும்போது புது வாஷர் போடுங்கள். பலங்கொண்ட மட்டும் முறுக்கினால் அலுமினிய மரை போய்விடும். கேஸ்கட், எண்ணெய் சீல் என்றால் பட்டறைக்குக் கொண்டு போங்கள்.

5. பின் டயரிலோ பிரேக்கிலோ எண்ணெய் பட்டிருந்தால் ஓட்டவே கூடாது. வழுக்கி விழுந்தால் உயிருக்கே ஆபத்து.

பெட்ரோலால் கை கழுவும் பழக்கத்தை விடுங்கள். அது தோலின் இயற்கையான பசையை எடுத்து வெடிப்பை உண்டாக்கும். அந்த வெடிப்பில் எண்ணெய் இன்னும் ஆழமாக இறங்கும். சோப்பே போதும். எண்ணெய் படாத ரப்பர் கையுறை போட்டால் இன்னும் நல்லது. எண்ணெய் பட்ட துணியைப் பிள்ளைகளின் துணியோடு சேர்த்துத் துவைக்கக் கூடாது, அம்மா. பழைய எண்ணெயை கால்வாயில் ஊற்றாமல் டின்னில் மூடி, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வைத்துப் பட்டறையில் கொடுங்கள்.

தோட்டம் கொடுத்த இயந்திரம் கசிந்தால், உடனே மண்டோரிடம் சொல்லுங்கள். வேலையிடத்தைப் பாதுகாப்பாக வைப்பது முதலாளியின் கடமை என்று 1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் சொல்கிறது. கையுறை கேட்பது சலுகை கேட்பதல்ல.

கையிலோ தொடையிலோ ஆறாத புண், வளரும் மரு இருந்தால் வெட்கப்படாமல் அரசாங்கக் கிளினிக்கில் காட்டுங்கள். எத்தனை வருஷமாய் எண்ணெயில் வேலை என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். சீக்கிரம் கண்டால் தோல் புற்றுநோய் பெரும்பாலும் குணமாகும்.