தெரிந்தவர்களுக்கு மட்டும் ஒலிக்கும் மெட்டு

ஜப்பானில் 1986ஆம் ஆண்டு பிப்ரவரி 21ஆம் தேதி வெளியான 'தி லெஜண்ட் ஆஃப் ஜெல்டா' என்னும் வீடியோ கேமின் முகப்பில் ஒலிக்கும் மெட்டு, அந்த இடத்துக்கென்று முதலில் உத்தேசிக்கப்பட்டதே அல்ல. பிரெஞ்சு சங்கீத மேதை ஒருவர் 1928இல் இயற்றிய 'பொலேரோ'வையே முகப்பில் வைப்பதென்று இசையமைப்பாளர் தீர்மானித்திருந்தார். வேலை முடியும் தறுவாயில், அதன் பதிப்புரிமைக் காலம் இன்னும் தீரவில்லை என்று தெரிய வந்ததும், வீரன் காடும் மலையுமாய்ச் சுற்றித் திரியும் கட்டத்துக்காகத் தாம் முன்பே போட்டு வைத்திருந்த மெட்டை எடுத்து, ஒரே இரவில் முகப்புக்கு ஏற்றபடி மாற்றி அமைத்துக் கொடுத்தார். அவசரத்துக்குக் கைகொடுத்த அந்த மெட்டு, பின்னால் வந்த ஆட்டங்களிலெல்லாம் எப்படி எப்படி உருமாறி வந்திருக்கிறது என்று கவனித்து வருகிறவர்களுக்கு, ஆனந்தத்தோடு ஒரு கவலையும் சேர்ந்தே உண்டாகும். எனக்கு அந்தக் கவலை நாளுக்கு நாள் பெருகியே வருகிறது.

மெட்டு எவ்விதம் அமைந்திருக்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். மத்திய ஸ்தாயி ஸட்ஜத்தில் ஓங்கி நின்று, உடனே மந்தர பஞ்சமத்துக்கு இறங்கி, மறுபடியும் ஸட்ஜத்தைத் தொட்டு, சதுச்ருதி ரிஷபம், அந்தர காந்தாரம், சுத்த மத்யமம் என்று படி தவறாமல் ஏறிப் பஞ்சமத்தில் வந்து நிலைகொள்கிறது. அதுவரை வீரமும் உற்சாகமுமே. அங்கிருந்து மேல் ஸட்ஜத்துக்கு ஏறும்போதுதான், காது எதிர்பார்க்கிற சதுச்ருதி தைவதமும் காகலி நிஷாதமும் வராமல், சுத்த தைவதமும் கைசிகி நிஷாதமும் வந்து, அந்த வீரத்தின் நடுவே இன்னதென்று சொல்லத் தெரியாத ஒரு சோகச் சாயலைப் படரவிடுகின்றன. ஸ்வரங்களை மாத்திரம் எண்ணினால் சாருகேசியின் ஆரோகணமே கிடைத்துவிடுகிறது; ஆயினும், கமகமும் ராக லட்சணமும் இல்லாமல் மேல்நாட்டு ஹார்மனி முறையில் அமைந்த ஒன்றை ராகமென்று சொல்லிச் சொந்தம் கொண்டாடுவது நியாயம் ஆகாது. தனித்தனிக் குரல்கள் நாலைந்துக்கு மேல் எழுப்ப இயலாத ஒரு சின்னஞ்சிறு ஒலிச் சில்லுக்காக இத்தனை பாவத்தையும் ஒருவர் இயற்றினார் என்பதே போதுமான அதிசயம்.

இந்த மெட்டை மறுபடி எடுத்தாண்டவர்கள் ஆரம்ப காலத்தில் அதை எவ்வளவு மரியாதையோடு கையாண்டார்கள் என்பதற்கு இரண்டு ஆட்டங்களே சாட்சி. 1991இல் வந்த 'எ லிங்க் டு தி பாஸ்ட்' கொட்டும் மழையில், நள்ளிரவில் தொடங்குகிறது. கோட்டைக்குள் நுழைந்து, சிறைப்பட்ட இளவரசியை மீட்டு, சுரங்க வழியாக அவளை ஆலயத்தில் கொண்டு சேர்க்கும் வரையில் அந்த மெட்டு வெளிவருவதே இல்லை. சேர்த்துவிட்டுக் கதவைத் திறந்து வெளியே வந்தால், மழை ஓய்ந்து பொழுது விடிந்திருக்க, அப்போதுதான் அது கம்பீரமாகப் புறப்படுகிறது. இரண்டு வருஷம் கழித்து, உள்ளங்கையில் அடங்கும் கேம் பாய்க்காக வந்த 'லிங்க்ஸ் அவேக்கனிங்' இதே யுக்தியை இன்னும் நுட்பமாகச் செய்தது. கப்பல் கவிழ்ந்து, முன்பின் தெரியாத தீவொன்றில் கண்விழிக்கும் வீரன், கையில் கேடயம் மட்டும் வைத்துக்கொண்டு, வேறு ஏதோ ஒரு சாதாரண இசையின் பின்னணியில் தெற்குக் கடற்கரைக்கு நடந்து போகிறான். அங்கே மணலில் கிடக்கும் தன் வாளை அவன் எடுத்து உயர்த்திய கணத்திலேயே பழைய மெட்டின் முதல் ஸ்வரம் எழுந்து, அதன் பிறகு தீவெங்கும் அவனோடு வருகிறது. முந்தைய ஆட்டங்களில் ஒன்றைக்கூடக் கண்டிராத குழந்தைக்கும், தன் கைக்கு ஏதோ ஒரு பலம் வந்து சேர்ந்தது என்று அந்த இடத்தில் புரிந்துவிடும். மெட்டை முழுதாகக் கேட்கிறது. கேட்பதற்கு முன் அதற்காக உழைத்திருக்கிறது. ஆகையால் அது அக்குழந்தைக்குச் சொந்தமாகிவிடுகிறது.

1998இன் 'ஒகரினா ஆஃப் டைம்' இம்மெட்டை முழுமையாக ஆளவில்லை. அதற்கு ஈடாகக் குழலில் வாசிக்கப் புதிய மெட்டுகள் பலவற்றைக் கொடுத்தது என்பதால் அதைக் குறை சொல்ல மாட்டேன். 1991இல் இளவரசிக்கென்று பிறந்த தாலாட்டு, இந்த ஆட்டத்தில் மூன்றே ஸ்வரங்களை இருமுறை ஊதும் எளிய வடிவம் பெற்று, ஆடுகிறவரின் விரல் நுனியிலேயே பதிந்துபோயிற்று. அதே தாலாட்டை 2011இல் 'ஸ்கைவர்ட் ஸோர்ட்' கடைசி ஸ்வரத்திலிருந்து தலைகீழாகத் திருப்பி, வாத்தியக் கோஷ்டி முழங்கும் தேவி கீதமாக்கியது. தாலாட்டைக் கேட்டறியாதவருக்கு அந்தச் சாமர்த்தியம் தெரியப் போவதில்லை. தெரியாவிட்டாலும், திருப்பிய மெட்டு தன்னளவிலேயே பூரணமான கீதமாக நிற்கிறதல்லவா? மறுபயன்பாட்டுக்கு இதைவிட உயர்ந்த உதாரணம் எனக்குத் தோன்றவில்லை.

என் கவலை 2017இல் வந்த 'பிரெத் ஆஃப் தி வைல்ட்' முதல் ஆரம்பிக்கிறது. பரந்து கிடக்கும் அந்தப் பூமியில் பெரும்பாலான நேரம் காற்றின் ஓசையும், எப்போதாவது பியானோவில் உதிரும் இரண்டொரு ஸ்வரங்களுமே துணை. இரவு நேரத்தில் குதிரை மீதேறி நிற்காமல் வெகுதூரம் சவாரி செய்கிறவருக்குப் பழைய மெட்டு வருகிறது என்பது உண்மையே; ஆனால் அது எவ்வளவு இழுத்து, ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி விட்டு வருகிறது என்றால், முன்பே மனப்பாடமாகத் தெரிந்தவர்களைத் தவிர மற்றவர் அதை ஒரு மெட்டென்றே அறிந்துகொள்ள மாட்டார்கள். பாழடைந்த காலக் கோயிலுக்குள் நுழைந்தால், 'ஒகரினா'வில் குழலில் வாசித்த காலத்தின் கீதம் அதே விதமாகச் சொட்டுச் சொட்டாக விழுகிறது. முப்பது வயதைத் தாண்டியவர்கள் அங்கே கண்கலங்கி நிற்கிறார்கள். பக்கத்தில் உட்கார்ந்து ஆடும் பத்து வயதுப் பிள்ளைக்கோ அது வெறும் ஓசை. பெரியவர்களின் ஞாபகத்தை மீட்டுவதற்கு மட்டும் சங்கீதத்தை உபயோகித்து வந்தால், அந்தப் பிள்ளை பெரியவனாகும்போது நினைத்து உருகுவதற்கு அவனிடம் எந்த மெட்டு மிஞ்சியிருக்கும்?

நூறு மணி நேரத்துக்கு மேல் நீளக்கூடிய ஆட்டத்தில் ஒரே மெட்டு ஓயாமல் ஒலித்தால் சலிக்கும், அழிந்துபோன ராஜ்யத்துக்கு மௌனமே பொருத்தம் என்று சொல்லுகிற ரசிகர்களும் இருக்கிறார்கள். ஓயாமல் ஒலிக்க வேண்டுமென்று யாரும் கேட்கவில்லை. கதை முழுவதிலும் ஒரே ஒரு திருப்பத்திலாவது, மந்தர பஞ்சமத்திலிருந்து மேல் ஸட்ஜம் வரையில் அந்த மெட்டு தடையின்றி ஏறட்டும் என்பதே கோரிக்கை. 'லிங்க்ஸ் அவேக்கனிங்' 2019இல் புதுக் கோலத்தில் மீண்டும் வந்தபோது, வாளைக் கையில் எடுத்ததும் மெட்டு எழும் அந்தக் கடற்கரைக் காட்சியைச் செய்தவர்கள் கைவிடவில்லை. வாத்தியங்களைப் பெருக்கி, அதே இடத்தில் அதே மெட்டை முழுதாக ஒலிக்கச் செய்தார்கள். வீட்டுப் பிள்ளைகளுக்கு ஜெல்டா வரிசையை அறிமுகம் செய்ய விரும்புகிற பெற்றோர், மற்றதையெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கிவிட்டு, முதலில் இதை வாங்கிக் கொடுப்பது நல்லது.