வானில் ஏறிய தாழ்வாரம்

உச்சியில் ஒரு கோபுரமும் வாயிலில் இரண்டு தூண்களும் வைத்துவிட்டால் அடுக்கு மாளிகை சுதேசக் கட்டடமாகிவிடும் என்று நம்மவர் பலர் எண்ணுகின்றனர். அது வேஷமேயன்றி வேறல்ல. ஓரிடத்தின் வெயிலையும் மழையையும் காற்றையும் அறிந்து, அங்கே முன்னோர் வாழ்ந்த வகையையும் அறிந்து கட்டுவதே சுதேசியம் என்பது நமது அபிப்பிராயம்.

பம்பாய் நகரில், கம்பாலா குன்றின்மீது, 1983-ல் கட்டி முடிந்த காஞ்சன்ஜங்கா மாளிகை இதற்குச் சான்று. வகுத்தவர் சார்லஸ் கொரியா. அதன் உயரம் 84 மீட்டர். உள்ளே 32 வீடுகள். மேற்கும் கிழக்கும் நோக்கி வீடு கட்டினால் அங்கே கடற்காற்று தாராளமாக வரும். ஒருபுறம் அரபிக்கடலும் மறுபுறம் துறைமுகமும் தெரியும். ஆனால், காலை வெயிலும் மாலை வெயிலும் அத்திசைகளில்தானே அடிக்கின்றன! பருவமழையோ மேற்கிலிருந்து சாடுகிறது. காற்றை உள்ளே அழைத்து, வெயிலையும் மழையையும் வெளியே நிறுத்துவது எங்ஙனம்?

அந்நகரத்துப் பழைய பங்களாக்கள் இதற்கு எப்போதோ விடை கண்டிருந்தன. அறைகளைச் சுற்றி அகன்ற தாழ்வாரம் அமைத்தார்கள், அவ்வளவே. (பங்களா வெள்ளையர் சரக்கு என்று சொல்லுவோர், அப்பெயரே வங்காளத்துக் குடிசையிலிருந்து பிறந்தது என்பதை மறக்கலாகாது.) கொரியா அத்தாழ்வாரத்தையே வானில் ஏற்றினார். மாளிகையின் மூலைகளைக் குடைந்து, வீடுதோறும் இரண்டு மாடி உயரத்துக்குத் திறந்த முற்றம் வைத்தார். அதில் செடிகள் வளரும். வெளிச்சுவரில் ஒரு சித்திர வேலையும் கிடையாது.

இவ்வளவும் தனவந்தருக்குக் கட்டியதுதானே என்று கேட்டால், ஆம் என்றே சொல்ல வேண்டும். ஆனால் அதே நகரத்து ஏழைத் தொழிலாளரும் தாழ்வாரத்தை அறிந்தவர்களே. சால் என்னும் பழைய வரிசை வீடுகளில் ஒரு குடும்பத்துக்கு ஓர் அறைதான். கக்கூஸ் பலருக்கும் பொது. அந்தக் கஷ்டத்தை நாம் புகழ்ந்து பேச மாட்டோம். எனினும், கிர்காம் போன்ற பேட்டைகளில் அறை வாசல்களையெல்லாம் கோத்து ஓடும் பொதுத் தாழ்வாரமும், நடுவிலுள்ள முற்றமும் அவ்வேழைகளின் கூடமாகவும், குழந்தைகளின் விளையாட்டிடமாகவும், பண்டிகைப் பந்தலாகவும் இருந்து வந்திருக்கின்றன.

இன்று சால்களை இடித்து வானளாவும் மாடிகள் எழுப்புகிறார்கள். தனிக் கக்கூஸும் குழாய்த் தண்ணீரும் அவர்களுக்கு அவசியம் கிடைக்க வேண்டியவை, வரவேற்கிறோம். ஆனால், தனவந்தருக்கு 84 மீட்டர் உயரத்திலும் தாழ்வாரம் அமைக்க முடிந்த நகரத்தில், தொழிலாளியின் வீட்டு வரைபடத்தில் அதற்கு எத்தனை அடி ஒதுக்கியிருக்கிறார்கள்? இடிப்பதற்கு முன் அதிகாரிகள் அந்தக் கணக்கை ஜனங்களிடம் காட்டட்டும்.