ஒரு கல்லூரிப் பயிற்றுநரின் ஐம்பது ஆண்டுகள்

முன்னுரை

ஒரு கல்லூரியின் பெருமையை அளக்க முற்படுவோர் முதலில் தேர்ச்சி விழுக்காட்டைக் கேட்பர். அடுத்துப் பல்கலைக்கழகத் தரவரிசையைக் கேட்பர். விளையாட்டுத் திடலைப் பற்றிக் கேட்போர் சிலரே. கோப்பை ஒன்று வந்துவிட்டால் மட்டும் அதனைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பார்த்து மகிழ்வோம். அக்கோப்பையை வென்று தந்த மாணவர்கள் மூன்றாண்டில் பட்டம் பெற்றுச் சென்றுவிடுவர். அடுத்த கோப்பைக்குப் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். ஒருமுறை வெல்வது வேறு. வெற்றியைக் கல்லூரியின் வழக்கமாக ஆக்குவது வேறு. முன்னது சில நல்ல ஆட்டக்காரர்கள் ஒரே ஆண்டில் வந்து சேர்வதால் நிகழக்கூடியது. பின்னதற்கு ஒருவர் தம் வாழ்நாளையே தர வேண்டியிருக்கும்.

அவ்வாறு தந்தவர்களுள் முதலிடம் பெறத்தக்கவர், அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் (யு.சி.எல்.ஏ.) கைப்பந்துப் பயிற்றுநராக விளங்கிய ஆல் ஸ்கேட்ஸ் ஆவார். 1963 முதல் 2012 வரை ஐம்பது பருவங்கள் அவர் ஒரே கல்லூரியின் ஆண்கள் அணியைப் பயிற்றுவித்தார். 1,239 ஆட்டங்களில் வெற்றி, 290 ஆட்டங்களில் தோல்வி, 19 தேசியக் கல்லூரிப் பட்டங்கள் என்பது அவருடைய கணக்கு. இத்தகைய வெற்றி எவ்வாறு கட்டப்பட்டது என்பதையும், வெம்பாக்கம், ஆரணி போன்ற ஊர்களின் மாணவர்க்கு அதில் கற்கத்தக்கது யாது என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆட்டம் பிறந்த கதை

கைப்பந்தாட்டம் 1895ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஹோலியோக் என்னும் ஊரில் தோன்றியது. அவ்வூர் ஒய்.எம்.சி.ஏ.வில் உடற்கல்வி இயக்குநராக இருந்த வில்லியம் மார்கன் இதனை அமைத்தார். நான்காண்டுகளுக்கு முன் தோன்றியிருந்த கூடைப்பந்து சற்று வயது முதிர்ந்தோர்க்குக் கடுமையாக இருந்தது. ஒருவர்மேல் ஒருவர் மோதாமல், வலையின் இருபுறமும் நின்று ஆடத்தக்க ஓர் ஆட்டத்தை அவர் விரும்பினார். முதலில் 'மின்டோனெட்' என்று பெயரிடப்பட்ட அவ்வாட்டம் அடுத்த ஆண்டே 'வாலிபால்' ஆயிற்று.

அந்த ஒய்.எம்.சி.ஏ. இயக்கத்தின் வழியாகவே இவ்வாட்டம் இந்தியாவுக்கும் வந்தது. ஹாரி குரோ பக் என்னும் அமெரிக்கர் 1920இல் சென்னையில் தொடங்கிய உடற்கல்விக் கல்லூரி இன்றும் நந்தனத்தில் இயங்கிவருகிறது. அங்கே பயின்றவர்கள் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் உடற்கல்வி ஆசிரியர்களாக அமர்ந்தனர். ஒரு பந்து, ஒரு வலை, இரண்டு கம்பங்கள், 18 மீட்டர் நீளமும் 9 மீட்டர் அகலமும் உள்ள சமதரை ஆகியவை போதும் என்பதால், பெருஞ்செலவு செய்ய இயலாத சிற்றூர்களிலும் இவ்வாட்டம் வேரூன்றியது.

தொடக்கத்தின் எளிமை

1939இல் பிறந்த ஸ்கேட்ஸ், தாம் மாணவராக ஆடிய அதே பல்கலைக்கழகத்தின் அணிக்கு இருபத்து நான்காம் வயதில் பயிற்றுநரானார். அக்காலத்தில் அமெரிக்கக் கல்லூரிகளில் கைப்பந்துக்கு மதிப்பில்லை, பணமும் இல்லை. கால்பந்துக்கும் கூடைப்பந்துக்கும் கிடைத்த ஆதரவில் சிறு பங்குகூட இதற்குக் கிடைக்கவில்லை. ஆகவே ஸ்கேட்ஸ் பல்லாண்டுகள் பகலில் பெவர்லி ஹில்ஸ் பகுதியின் தொடக்கப் பள்ளிக் குழந்தைகளுக்கு உடற்பயிற்சி ஆசிரியராகப் பணியாற்றினார். பள்ளி முடிந்தபின் கல்லூரி அணியைப் பயிற்றுவித்தார்.

இச்செய்தி ஊன்றி நோக்கத்தக்கது. நாட்டின் தலைசிறந்த கல்லூரி அணியை உருவாக்கியவர், சிறு குழந்தைகளுக்குப் பந்தைப் பிடிக்கவும் எறியவும் கற்பித்துக்கொண்டிருந்த ஆசிரியரே. அடிப்படைகளைச் சலிப்பின்றித் திரும்பத் திரும்பச் சொல்லும் பொறுமை தொடக்கப் பள்ளி ஆசிரியருக்கு இன்றியமையாதது. அப்பொறுமையே கைப்பந்துப் பயிற்றுநர்க்கும் முதல் தகுதியாகும். பந்தைப் பெறுதல், உயர்த்தித் தருதல், அடித்தல் என்னும் மூன்று தொடுகைகளுக்குள் ஓர் அணியின் முயற்சி முழுவதும் அடங்கிவிடுகிறது. முதல் தொடுகை பிழைத்தால் மூன்றாம் தொடுகையின் வலிமையால் பயனில்லை.

தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் (என்.சி.ஏ.ஏ.) ஆண்கள் கைப்பந்துக்கு அப்போது போட்டியே நடத்தவில்லை. அந்நாட்டுக் கைப்பந்துச் சங்கம் நடத்திய கல்லூரிப் போட்டிகளில் ஸ்கேட்ஸின் அணி 1965இலும் 1967இலும் வென்றது. சங்கத்தின் முதற்போட்டி 1970இல் அவருடைய பல்கலைக்கழக அரங்கிலேயே நடந்தது. முதற்பட்டத்தையும் அவர் அணியே பெற்றது. அதே வளாகத்தில்தான் ஜான் வுடன் என்னும் பேராசான் கூடைப்பந்தில் 1964 முதல் 1975 வரை பத்துப் பட்டங்களை ஈட்டினார். உயர்ந்த அளவுகோல் ஒன்று அடுத்த திடலிலேயே இருந்தது எனலாம்.

வெற்றியின் கூறுகள்

ஸ்கேட்ஸின் வெற்றிக்கான காரணங்களை மூன்றாகப் பகுத்துக் காணலாம்.

முதலாவது, அருகில் உள்ள வளத்தை அறிந்துகொண்டமை. தெற்குக் கலிபோர்னியாவின் கடற்கரைகளில் இருவர் இருவராக மணலில் கைப்பந்து ஆடும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. அணிக்கு இருவரே என்னும்போது, 'எனக்கு அடிக்க மட்டுமே தெரியும்' என்று ஒருவர் சொல்ல இயலாது; எல்லாவற்றையும் செய்தாக வேண்டும். அம்மணற்பரப்பில் வளர்ந்த கார்ச் கிராய், சின்ஜின் ஸ்மித் போன்றோர் ஸ்கேட்ஸின் மாணவராயினர். கிராயின் தந்தை ஹங்கேரியிலிருந்து வந்து குடியேறியவர். மகனுக்கு முதலாசிரியரும் அவரே. கிராய் ஆடிய நான்கு ஆண்டுகளில் அணி 123 ஆட்டங்களில் வென்று ஐந்தில் மட்டுமே தோற்றது. பின்னர் அவர் 1984, 1988 ஒலிம்பிக்கில் அரங்கக் கைப்பந்திலும் 1996இல் கடற்கரைக் கைப்பந்திலும் தங்கம் வென்றார். பயிற்றுநராகி, 2021இல் நடைபெற்ற டோக்கியோ ஒலிம்பிக்கில் அமெரிக்க மகளிர் அணிக்கும் தங்கம் பெற்றுத் தந்தார்.

இரண்டாவது, ஆளுக்கேற்ற முறையை வகுத்தமை. கைப்பந்தில் ஆட்டக்காரர் அறுவரும் சுழன்று வரவேண்டும் என்பது விதி. எனவே எந்நேரமும் மூவர் முன்வரிசையிலும் மூவர் பின்வரிசையிலும் இருப்பர். பந்தை உயர்த்தித் தரும் 'செட்டர்' ஒருவரே இருப்பின், அவர் முன்வரிசைக்கு வரும்போது அடிப்பதற்கு அங்கே இருவரே எஞ்சுவர். செட்டர் இருவரை வைத்து, பின்வரிசையில் நிற்பவர் பந்தைத் தர, முன்வரிசையில் நிற்பவர் அடிப்பவராக மாறினால், எப்போதும் மூவர் அடிக்க ஆயத்தமாக இருப்பர். இதனை 'ஆறுக்கு இரண்டு' முறை என்பர். இது எல்லா அணிக்கும் பொருந்தாது. தரவும் அடிக்கவும் ஒருசேர வல்ல இருவர் வேண்டும். கிராயும் ஸ்மித்தும் அத்தகையோர் என்பதைக் கண்டு, ஸ்கேட்ஸ் 1979இல் இம்முறையைக் கையாண்டார். அவ்வாண்டு அணி ஓர் ஆட்டத்திலும் தோற்கவில்லை. 1982, 1984ஆம் ஆண்டுகளிலும் அவ்வணி தோல்வியே காணாமல் பட்டம் பெற்றது. ஒருவனது இயல்பையும் ஆற்றலையும் ஆராய்ந்து அதற்குரிய வினையை அவனிடம் விடுவதைத் திருவள்ளுவர் 'தெரிந்து வினையாடல்' என்று தனி அதிகாரமாகவே வகுத்துள்ளமை ஈண்டு நினையத்தக்கது.

மூன்றாவது, மாற்றத்தை ஏற்றமை. அவர் தொடங்கியபோது சர்வீஸ் போடும் அணிக்கே புள்ளி கிடைக்கும். பதினைந்து புள்ளிகளில் ஆட்டம் முடியும். 1998இல் உலகக் கூட்டமைப்பு இதனை மாற்றி, ஒவ்வொரு முறை பந்து விழும்போதும் யாரேனும் ஒருவர்க்குப் புள்ளி என்றும், இருபத்தைந்து புள்ளிகள் என்றும் வகுத்தது. தடுப்பாட்டத்துக்கென்றே 'லிபரோ' என்னும் தனி ஆட்டக்காரரும் அக்காலத்தில் வந்தார். பழகிய விதிகள் மாறியபோது அவர் 'அந்தக் காலத்தில்' என்று பேசிக்கொண்டு நிற்கவில்லை. 2000த்திலும் 2006இலும் மீண்டும் பட்டம் பெற்றார்.

தோல்வியும் மீட்சியும்

பட்டங்களின் எண்ணிக்கையைப் பத்தாண்டு வாரியாகப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். 1970களில் ஏழு, 1980களில் ஆறு, 1990களில் நான்கு, அதன்பின் இரண்டு. அவருடைய திறமை குறைந்ததால் விளைந்த வீழ்ச்சியாக மட்டும் இதனைக் கொள்ளல் ஆகாது. அவர் காட்டிய வழியில் பிற கல்லூரிகளும் வளர்ந்தன, போட்டி கடுமையாயிற்று. அவரிடம் பயின்ற ஜான் ஸ்பெரா, இர்வைன் நகரின் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்துக்குப் பயிற்றுநராகி, 2007, 2009, 2012 ஆகிய ஆண்டுகளில் அங்கே மூன்று பட்டங்களை ஈட்டினார்.

2006ஆம் ஆண்டு நிகழ்ச்சி தனியே குறிப்பிடத்தக்கது. பருவத்தின் நடுவில் ஸ்கேட்ஸின் அணி பன்னிரண்டு வெற்றி, பன்னிரண்டு தோல்வி என்னும் நிலையில் தத்தளித்தது. அவருக்கு வயது அறுபத்தாறு. அந்த அணியே அதன்பின் தொடர்ந்து பதினான்கு ஆட்டங்களில் வென்று, இறுதியில் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தை அதன் சொந்த அரங்கிலேயே வீழ்த்திப் பட்டம் பெற்றது. தோல்வியே அறியாத 1984ஆம் ஆண்டு அணியைவிட, பாதி ஆட்டங்களில் தோற்றபின் எழுந்த இவ்வணியே மாணவர்க்கு நல்ல பாடம் எனலாம்.

2012இல் அவர் ஓய்வு பெற்றபோது கடைசிப் பட்டம் கிடைக்கவில்லை. அவருக்குப்பின் அவ்விடத்தில் அமர்ந்தவர் அவருடைய மாணவர் ஸ்பெராவே. பதினேழு ஆண்டு இடைவெளிக்குப்பின் 2023இலும், மீண்டும் 2024இலும் அப்பல்கலைக்கழகம் பட்டம் வென்றது. ஆசிரியர் போனபின்னும் அவர் அமைத்தது நிற்கிறதா என்பதே அவர் பணியை அளக்கும் சரியான அளவுகோலாகும்.

ஓர் ஆலையின் அணி

நெசவை நம்பி வாழும் நம் வட்டாரத்தார் அறிய வேண்டிய மற்றொரு செய்தியும் உண்டு. கைப்பந்து முதன்முதலாக ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்டது 1964இல், டோக்கியோவில். அங்கே மகளிர் தங்கத்தை வென்ற ஜப்பானிய அணியில் பெரும்பாலோர், கைசுகா என்னும் ஊரிலிருந்த நிச்சிபோ நூற்பாலையின் பணிப்பெண்கள். பகலில் ஆலைப்பணி, அதன்பின் நள்ளிரவு வரையிலும் பயிற்சி. பயிற்றுநர் ஹிரோபுமி டைமட்சு, பந்தை எடுக்க விழுந்து உருண்டு உடனே எழும் முறையைக் கற்பித்துப் புகழ் பெற்றார். அவருடைய கடுமை இன்றும் விவாதிக்கப்படுகிறது. அதனை அப்படியே பின்பற்றுமாறு எவரும் பரிந்துரையார். ஆயினும் உழைக்கும் எளிய குடும்பத்துப் பிள்ளைகளால் உலகின் உச்சியை எட்ட முடியும் என்பதற்கு அவ்வணி சான்றாக நிற்கிறது.

நம் நாட்டு நிலை

இந்திய ஆடவர் அணி ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் 1958இல் வெண்கலமும், 1962இல் வெள்ளியும், 1986இல் மீண்டும் வெண்கலமும் பெற்றது. அர்ஜுனா விருது தொடங்கப்பட்ட 1961ஆம் ஆண்டிலேயே கைப்பந்துக்காக அதனைப் பெற்றவர் ஏ. பழனிசாமி. தமிழகத்தின் ஜி.இ. ஸ்ரீதரன் ஆட்டக்காரராக 1982இல் அர்ஜுனா விருதும், பயிற்றுநராக 2007இல் துரோணாச்சாரியார் விருதும் பெற்றார். ஆகவே திறமை நமக்குப் புதிதன்று. இரயில்வே, காவல்துறை, வங்கி முதலியவற்றில் கைப்பந்து வழியே வேலை பெற்று, குடும்பத்தின் நிலையை உயர்த்திய இளைஞர் பலர்.

குறை எங்கே? மாணவர் மூன்றாண்டில் மாறுவர். அதனைத் தடுக்க இயலாது. மாறாமல் நிற்க வேண்டியவர் பயிற்றுநர். அவர்க்கு நிலையான பணியும், ஆண்டுதோறும் உறுதியான சிறு தொகையும், மாலையில் திடலும் இருந்தால் மட்டுமே ஓர் அணி மரபாக வளரும். ஒரு கோப்பைக்காகப் பாராட்டு விழா எடுப்பதைக் காட்டிலும், கோப்பை வராத ஆண்டிலும் அவரைத் தாங்கி நிற்பதே நிருவாகத்தின் கடமை. 2006இன் நடுவில் ஸ்கேட்ஸை வீட்டுக்கு அனுப்பியிருந்தால் பத்தொன்பதாவது பட்டம் வந்திராது.

முடிவுரை

கரையும் உடலும் வேறு நிறமாக அமையும் கோர்வைச் சேலையை நெய்வதற்குத் தறியில் ஒருவர் மட்டும் போதாது. பக்கத்தில் அமர்ந்து கரைக்குரிய நாடாவை எறியும் துணையாள் வேண்டும். சேலையைப் பார்ப்போர் நெய்தவரைக்கூட நினையார். துணையாளை எங்கே நினைப்பர்? ஆட்டத்தில் செட்டரின் நிலையும் அத்தகையதே. கல்லூரியில் பயிற்றுநரின் நிலையும் அத்தகையதே. கைதட்டல் அடிப்பவர்க்குச் சேரும். பந்தை உரிய உயரத்தில் உரிய நொடியில் தந்தவர் ஒதுங்கி நிற்பார்.

மாணவச் செல்வங்கள் தம் கல்லூரியின் உடற்கல்வி ஆசிரியரை இவ்வுணர்வோடு நோக்க வேண்டும். பெரியோர் தம் பிள்ளைகள் மாலையில் ஒரு மணி நேரம் திடலில் நிற்பதை வீண்பொழுது என்று கருதாதிருக்க வேண்டும். பாவு ஓடி முடிந்து முதல் சாணைத் துணி கையில் கிடைக்கும்வரை காத்திருக்கத் தெரிந்தவர்கள் நம் ஊரார். அப்பொறுமையை ஒரு பயிற்றுநரிடமும் காட்டுவார்களாயின், பயன் தானே வந்து சேரும்.