செப்டம்பர் 11: வாக்குச் சீட்டு, பாலம், மதில்

1997 செப்டம்பர் 11 அன்று ஸ்காட்லாந்து வாக்காளர்களின் கையில் இரண்டு வாக்குச் சீட்டுகள் இருந்தன. தனி நாடாளுமன்றம் வேண்டுமா? அதற்கு வரி விகிதத்தை மாற்றும் அதிகாரம் வேண்டுமா? முதல் கேள்விக்கு 74.3 சதவீதத்தினரும் இரண்டாவதற்கு 63.5 சதவீதத்தினரும் ‘ஆம்’ என்றார்கள். 1979 வாக்கெடுப்பிலும் ஆதரவு வாக்குகளே அதிகம். ஆனால், மொத்த வாக்காளர்களில் 40 சதவீதத்தினரின் ஆதரவு வேண்டும் என்ற நிபந்தனையால் வாய்ப்பு கைநழுவியது. இம்முறை அப்படி நேரவில்லை. 1707-இல் இங்கிலாந்துடன் இணைந்தபோது மறைந்துபோன நாடாளுமன்றம், 1999 மே 12 அன்று எடின்பரோவில் மீண்டும் கூடியது.

வாக்கெடுப்பு நடந்த நாளுக்கு இன்னொரு பெருமையும் உண்டு. சரியாக 700 ஆண்டுகளுக்கு முன், 1297-இல், ஸ்டர்லிங் பாலத்தில் ஸ்காட்லாந்துத் தலைவர்களான வில்லியம் வாலஸும் ஆண்ட்ரூ மோரேயும் ஆங்கிலேயப் படையை முறியடித்த நாள் அது.

ஃபோர்த் ஆற்றின் மேல் இருந்த அந்த மரப்பாலத்தில் இரண்டு குதிரைவீரர்கள்தான் பக்கம் பக்கமாகப் போக முடியும். காலையில் பாலத்தைக் கடந்த ஆங்கிலேய வீரர்களைத் திருப்பி அழைக்க வேண்டியதாயிற்று. அவர்களின் தளபதி சர்ரே பிரபு இன்னும் தூங்கி எழவில்லை என்கிறது பழைய ஆங்கிலேய வரலாற்றுக் குறிப்பு. ஆற்றில் ஆழம் குறைந்த இடத்தில் இறங்கிக் கடக்கலாம் என்ற யோசனையைச் செலவைக் காட்டித் தள்ளிவிட்டார் கருவூலத் தலைவர் கிரெஸ்ஸிங்ஹாம். ஏபி கிரெய்க் குன்றில் காத்திருந்த ஸ்காட்லாந்துப் படை, எதிரிகளில் ஒரு பகுதியினர் கடந்ததும் பாய்ந்து இறங்கிப் பாலத்தின் வாயை அடைத்தது. அக்கரைக்கு வந்தவர்கள் சிக்கிக்கொண்டார்கள். கிரெஸ்ஸிங்ஹாம் அங்கேயே மாண்டார். படுகாயமடைந்த மோரேயும் பின்னர் இறந்தார்.

ஒரு மாதம் கழித்து, ஜெர்மானியத் துறைமுகங்களான லூபெக்குக்கும் ஹாம்பர்க்குக்கும் வாலஸ், மோரே இருவர் பெயரிலும் ஒரு கடிதம் போனது. ஸ்காட்லாந்து விடுபட்டுவிட்டது, வணிகர்கள் அச்சமின்றி வரலாம் என்றது அது. போர் முடிந்த சூட்டில் அவர்கள் வியாபாரத்தை நினைத்தது, ஒரு நாட்டை நடத்தத் தயாராகிவிட்டார்கள் என்பதற்கு அடையாளம்.

அயர்லாந்துக்கோ இதே தேதி பெருந்துயரம். 1649 செப்டம்பர் 11 அன்று, பாய்ன் ஆற்றங்கரையில் உள்ள டிரோஹெடா நகரின் தெற்கு மதிலைப் பீரங்கிகளால் உடைத்து இங்கிலாந்து நாடாளுமன்றத்தின் தளபதி ஆலிவர் கிராம்வெல்லின் படை உள்ளே புகுந்தது. முதலில் பாய்ந்தவர்கள் விரட்டியடிக்கப்பட்டதும் கிராம்வெல் தானே முன்னின்று நடத்தினார். காவற்படைத் தலைவர் ஆர்தர் ஆஸ்டனை அவருடைய மரக்காலாலேயே அடித்துக் கொன்றதாகச் சொல்கிறார்கள். புனித பீட்டர் தேவாலயக் கோபுரத்தில் ஒதுங்கியவர்களைத் தீவைத்து எரித்தார்கள். கொல்லப்பட்டவர்கள் சுமார் 3,500 பேர். எஞ்சிய வீரர்களில் பலர் பார்படோஸ் தீவுக்குக் கப்பலேற்றப்பட்டார்கள். இது கடவுளின் நீதியான தீர்ப்பு என்று கிராம்வெல் நாடாளுமன்றத்துக்கு எழுதினார். தொடர்ந்து வந்த நிலப் பறிமுதலில் அயர்லாந்துக் கத்தோலிக்கர்கள் தங்கள் நிலத்தின் பெரும்பகுதியை இழந்தார்கள்.

ஸ்டர்லிங்கின் வெற்றியைக் கொண்டாடுவோர் டிரோஹெடாவையும் சேர்த்தே நினைக்க வேண்டும். காரணம், மறு ஆண்டே கிராம்வெல் ஸ்காட்லாந்துக்குள் நுழைந்தார். 1650 செப்டம்பர் 3 அன்று டன்பாரில் ஸ்காட்லாந்துப் படை சிதறியது. சிறைபிடிக்கப்பட்டவர்களில் ஆயிரக்கணக்கானோர் தெற்கே நடத்திச் செல்லப்பட்டு, டர்ஹாம் பேராலயத்தில் அடைக்கப்பட்டார்கள். பட்டினியிலும் நோயிலும் அங்கே பலர் மடிந்தார்கள். பிழைத்தவர்களில் சுமார் 150 பேரை, டிரோஹெடா வீரர்களைப் போலவே, கடல் கடந்து கட்டாய உழைப்புக்கு அனுப்பினார்கள். இவர்கள் போன இடம் அமெரிக்காவின் நியூ இங்கிலாந்து.