சுவர்களைக் கடக்காத அழைப்புகள்

"வாசலில் நன்றாகப் பேச முடிகிறது, வார்டுக்குள் வந்தால் சிக்னல் ஏன் கிடைப்பதில்லை?" என்று நோயாளிகளின் குடும்பத்தார் எங்களிடம் அடிக்கடி கேட்பதுண்டு. இது வெறும் வசதிக் குறைவு போலத் தோன்றினாலும், சிகிச்சையோடு நெருங்கிய தொடர்புடைய கேள்வியாகும்.

பக்கவாதத்தை எடுத்துக்கொள்வோம். மூளையின் இரத்தக் குழாயை அடைத்த கட்டியைக் கரைக்கும் ஊசி மருந்தைப் பொதுவாக அறிகுறி தொடங்கிய நாலரை மணி நேரத்திற்குள் செலுத்த வேண்டும். நோயாளியால் பேச இயலாதபோது, அவர் கடைசியாக எப்போது நலமாக இருந்தார், இரத்தம் உறையாமலிருக்க மருந்து உட்கொள்கிறாரா என்பவற்றை உறவினரிடமே கேட்டறிய வேண்டியுள்ளது. அந்த உறவினர் பனியன் கம்பெனியின் தையல் தளத்தில் தொடர்பு எல்லைக்கு வெளியே இருந்தால், முடிவெடுப்பது தாமதமாகிறது. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் திருப்பூருக்கு வந்து உழைப்போரின் குடும்பத்தை எட்டுவதற்கோ, அலைபேசியன்றிப் பெரும்பாலும் வேறு வழியே இல்லை.

அலைகளைத் தடுப்பது எது?

அலைபேசி ரேடியோ அலைகளால் இயங்குகிறது. நம் நாட்டில் இதற்குப் பெரும்பாலும் 700 முதல் 3,500 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசைகள் பயன்படுகின்றன. குறைந்த அலைவரிசை சுவர்களை ஓரளவு எளிதில் கடக்கும். உயர்ந்த அலைவரிசை மிகுதியான தகவலைச் சுமந்தாலும் சுவரில் விரைந்து வலுவிழக்கும். இந்த இழப்பை டெசிபெல் என்னும் அளவால் குறிப்பர். 10 டெசிபெல் இழந்தால் அலையின் ஆற்றலில் பத்தில் ஒரு பங்கே எஞ்சும். 20 டெசிபெல் இழந்தால் நூறில் ஒரு பங்கே எஞ்சும்.

கம்பி கட்டிய கான்கிரீட், உலோகப் பூச்சுள்ள கண்ணாடி, தகடு வேய்ந்த கூரை ஆகியவை அலைகளைப் பெரிதும் தடுப்பவை. நம் பகுதியின் பின்னலாடைக் கூடங்கள் பலவற்றில் இவற்றுள் ஒன்றேனும் இருக்கும். மருத்துவமனையில் இவற்றோடு எக்ஸ்-ரே, சி.டி. அறைகளின் ஈயத் தகடுகளும் சேர்கின்றன. எம்.ஆர்.ஐ. அறையிலோ, வெளி அலைகள் படத்தைக் கெடுக்காதிருக்க நாற்புறமும் உலோகத் தடுப்பு வேண்டுமென்றே அமைக்கப்படுகிறது. அங்கே சிக்னல் இல்லாதிருப்பதே முறை.

உள்ளே கொண்டுவரும் வழிகள்

பெரிய கட்டடங்களில், தொலைத்தொடர்பு நிறுவனங்களின் சிக்னலைக் கம்பிவடம் வழியாக உள்ளே கொணர்ந்து, ஒவ்வொரு தளத்திலும் சிறு ஆன்டெனாக்கள் மூலம் பரப்புவது நிலையான தீர்வு. எல்லா நிறுவனங்களும் பகிர்ந்துகொள்ளும் வகையில் இதனை அமைத்தால் செலவு குறையும். மற்றொரு வழி வைஃபை மூலம் சாதாரண அழைப்பைப் பேசுவது. ஏர்டெல் 2019 டிசம்பரிலும் ஜியோ 2020 ஜனவரியிலும் இச்சேவையைத் தொடங்கின.

கட்டடங்களின் இணைப்புத் தரத்தை மதிப்பிட்டு நட்சத்திரக் குறியீடு வழங்கும் விதிமுறைகளைத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024 அக்டோபரில் வெளியிட்டது. இதில் சேர்வது கட்டட உரிமையாளரின் விருப்பத்தைப் பொறுத்தது. ஆயினும் தண்ணீர்க் குழாயையும் மின்கம்பியையும் போலவே இதனையும் வரைபடத்திலேயே திட்டமிட வேண்டும் என்பதை அது உணர்த்துகிறது. கட்டி முடித்தபின் சுவரைத் துளைப்பது பெருஞ்செலவு.

கடையில் வாங்கிய பூஸ்டரை அனுமதியின்றிப் பொருத்துவது சட்டத்திற்குப் புறம்பானது. அது சிக்னலோடு இரைச்சலையும் பெருக்குவதால், அருகிலுள்ள கோபுரம் பிற அலைபேசிகளின் மெல்லிய அலைகளைக் கேட்க இயலாமற் போகும். ஒரு கட்டடம் பெறும் வசதிக்கு அண்டைக் கட்டடங்கள் விலை கொடுக்க நேரும். அவற்றுள் ஒன்று மருத்துவமனையாகவும் இருக்கலாம்.

கதிர்வீச்சு பற்றிய அச்சம்

தலைக்கு மேல் ஆன்டெனா இருந்தால் ஆபத்தில்லையா என்று சிலர் அஞ்சுகின்றனர். கோபுர நிலையங்களின் கதிர்வீச்சுக்கு நம் நாடு 2012 செப்டம்பர் 1 முதல் பன்னாட்டு வழிகாட்டு அளவில் பத்தில் ஒரு பங்கையே உச்ச வரம்பாக வைத்துள்ளது. மேலும், சிக்னல் மெலிந்த இடத்தில் அலைபேசி தன் முழு ஆற்றலையும் செலவிட்டுக் கோபுரத்தை எட்ட முயல்கிறது. பேட்டரி விரைந்து தீர்வதற்கு இதுவும் ஒரு காரணம். ஆன்டெனா அருகில் இருந்தால் அது குறைந்த ஆற்றலிலேயே பேசும். ஆகவே உட்புற ஆன்டெனாவால் நம் காதருகே உள்ள கருவியின் கதிர்வீச்சு குறையவே செய்கிறது. பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் மட்டும் அலைபேசியை அக்கருவியிலிருந்து 15 சென்டிமீட்டராவது தள்ளி வைக்க வேண்டும். சட்டைப்பையில் வைத்தல் கூடாது.

உடன் தங்குவோர் செய்ய வேண்டியவை

அனுமதியின்போது இரண்டு எண்களைத் தாருங்கள். அவை வெவ்வேறு நிறுவனங்களுடையனவாக இருந்தால் நன்று. பணியிடத்தின் மேற்பார்வையாளர் அல்லது அலுவலகத் தொலைபேசி எண்ணும் உதவும். அறுவை சிகிச்சை நடைபெறும்போது அடித்தளத்திற்கோ வெளியிலோ செல்ல நேர்ந்தால் செவிலியரிடம் சொல்லிச் செல்லுங்கள். அலைபேசியின் அமைப்புகளில் வைஃபை அழைப்பு வசதியை இயக்கி வையுங்கள்.

அவசரத்தில் 108 எண்ணுக்கு அழைப்பு செல்லவில்லையெனில் 112-ஐ முயலுங்கள். உங்கள் நிறுவனத்தின் சிக்னல் இல்லாதபோதும், பிற நிறுவனத்தின் அலை அங்கே எட்டினால் அதன்வழி அழைப்பை அனுப்ப அலைபேசி முயலும். எந்த அலையும் எட்டாத தளத்தில் வேலை செய்வோர், சிக்னல் கிடைக்கும் இடம் எது, தரைவழித் தொலைபேசி எங்குள்ளது என்பவற்றை இன்றே அறிந்து வைத்துக்கொள்ளுங்கள். நெஞ்சுவலி வந்தபின் அதைத் தேடிக்கொண்டிருக்க நேரமிராது.