பட்டாசுக் கடைக்கு ஐம்பது மீட்டர், துப்பாக்கித் தளத்துக்கு எத்தனை?

வைகாசி கருட சேவைக்கு வந்த கூட்டம் கலையும் நேரத்தில், சின்ன காஞ்சிபுரத்துத் தெருவோரங்களில் பலூன் சுடும் கடைகள் சுறுசுறுப்பாகிவிடும். அந்தக் கடைக்குப் பெயர்ப் பலகை கிடையாது, பில் புத்தகம் கிடையாது. ஆனால் பலூன்களுக்குப் பின்னால் ஒரு தடித்த பலகை கட்டாயம் இருக்கும். கடைக்காரர் எந்தச் சட்டமும் படித்தவர் அல்லர். சுட்ட குண்டு பலூனோடு நிற்காது என்பது அவருக்குத் தெரியும், அவ்வளவுதான்.

அந்தப் பலகையைப் பற்றித்தான் இந்த இதழில் எழுத நினைத்தோம். துப்பாக்கிக்கும் துவரம் பருப்புக்கும் என்ன சம்பந்தம் என்று வணிகப் பெருமக்கள் கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது.

2019-ஆம் ஆண்டு செங்கல்பட்டு தனி மாவட்டமாகப் பிரியும் வரை அனுமந்தபுரமும் ஒத்திவாக்கமும் நமது காஞ்சிபுரம் மாவட்டத்து ஊர்கள். இரண்டிலும் துப்பாக்கி சுடும் பயிற்சித் தளங்கள் இருக்கின்றன. அனுமந்தபுரம் என்றால் நமக்கெல்லாம் முதலில் நினைவுக்கு வருவது அகோர வீரபத்திரரும் அவருக்குச் சார்த்தும் வெற்றிலையும்தான். வெற்றிலைக் கட்டு விற்பவருக்கு அந்த ஊர் ஒரு நல்ல சந்தை. அதே ஊருக்குப் பக்கத்தில்தான் படையினரும் போலீசாரும் சுட்டுப் பழகுகிறார்கள்.

இவை அரசின் தளங்கள். இனி தனியார் தளங்களும் வரக்கூடும். 2008-இல் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கினார். 2024-இல் பாரிசில் மனு பாக்கர் இரண்டு வெண்கலம் வாங்கினார். பிள்ளைகளுக்கு ஆசை பிறந்தது நல்லதுதான். இவர்கள் பதக்கம் வாங்கியதெல்லாம் 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கிப் போட்டிகளில். அதற்கு ஒரு நீளமான ஹால் போதும், ஊருக்கு நடுவிலேயே நடத்தலாம். அதை யாராவது எதிர்த்தால் நாம் அவர்கள் பக்கம் நிற்க மாட்டோம். நமது கவலை திறந்த வெளியில், மருந்துத் தோட்டா போட்டு, கட்டணம் வாங்கிக்கொண்டு நடத்தும் தளத்தைப் பற்றியது. அதற்கு விலை குறைந்த பெரிய நிலம் வேண்டும். சென்னைக்கும் நமக்கும் நடுவில் ஏரிக்கரை, குன்றோரம் என்று அப்படிப்பட்ட நிலம் இன்னும் மிச்சமிருக்கிறது.

தூரம் என்ன செய்யும் என்பதற்கு நார்த்தாமலையைப் பார்க்கலாம். புதுக்கோட்டை மாவட்டத்தில் அந்த மலையடிவாரத்தில் ஒரு பயிற்சித் தளம். 2021 டிசம்பர் 30 அன்று மத்தியத் தொழில் பாதுகாப்புப் படையினர் அங்கே சுட்டுக்கொண்டிருந்தார்கள். ஒன்றரை, இரண்டு கிலோமீட்டர் தள்ளி ஒரு குடிசையில் இருந்த பதினொரு வயதுச் சிறுவன் தலையில் குண்டு பாய்ந்தது. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் 2022 ஜனவரி 3 அன்று பிள்ளை இறந்து போனான். ஊர் மக்கள் மறியலில் உட்கார்ந்தார்கள். தளத்தில் பயிற்சி நிறுத்தப்பட்டது. மாநில அரசு குடும்பத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் அறிவித்தது. அந்தப் பையன் வேலி தாண்டிப் போனவன் அல்லன். வீட்டில் இருந்தவன்.

சாதாரண பாயிண்ட் டூ-டூ ரைபிளின் குண்டே ஒரு மைல் போகும். 7.62 மில்லிமீட்டர் ரைபிள் குண்டு மூன்று கிலோமீட்டரையும் தாண்டும். ஆகவே வேலி எங்கே இருக்கிறது என்று பார்த்தால் போதாது. குண்டு எங்கே போய் விழும் என்று பார்க்க வேண்டும். இலக்குக்குப் பின்னால் உயரமான மண்மேடு, பக்கங்களில் மதில், சுடுபவர் துப்பாக்கியை மேலே தூக்கிவிட்டாலும் தடுக்கும்படி குறுக்குத் தடுப்புகள், சுடும் நேரத்தில் சிவப்புக் கொடி. இதற்கெல்லாம் பணம் ஆகும். காசு மிச்சம் பிடிக்கிறவர் இதில்தான் பிடிப்பார். குண்டில் இருப்பது ஈயம் என்பதையும் மறக்கக்கூடாது. மழை பெய்தால் அது எந்த ஏரிக்கு இறங்கும் என்று கேட்பதில் தப்பில்லை.

இப்போது நமது கதைக்கு வருவோம். சில வருடங்களுக்கு முன் தீபாவளிக்குத் தற்காலிகப் பட்டாசுக் கடை போட மனுக் கொடுத்தோம். 2008-ஆம் ஆண்டு வெடிபொருள் விதிகளின்படி கடைக்கும் கடைக்கும் மூன்று மீட்டர், வீடு, பள்ளி போன்ற இடங்களிலிருந்து ஐம்பது மீட்டர் விட வேண்டும். கடைகள் எதிரெதிராக இருக்கக் கூடாது. ஓரிடத்தில் ஐம்பது கடைக்கு மேல் கூடாது. எங்கள் கொட்டகைக்கும் பக்கத்துக் கொட்டகைக்கும் நடுவே அரை அடி குறைந்தது. பிரித்துக் கட்டச் சொல்லிவிட்டார்கள். கூலி இரண்டு முறை, ஒரு நாள் வியாபாரமும் போயிற்று. அன்றைக்குக் கோபம் வந்தது உண்மை. இன்று யோசித்தால், சொன்னவர் செய்தது சரி. கம்பி மத்தாப்புக்கே அரை அடி பார்க்கும் நாட்டில் ரைபிளுக்கு எத்தனை அடி பார்க்கிறார்கள் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

இப்படித் தளம் எங்கே வரலாம், எங்கே வரக்கூடாது என்று விதி போடலாம் என்று பேச்சு எடுத்தாலே, கிராமத்தில் "விதியும் வேண்டாம், தளமும் வேண்டாம்" என்றுதான் பதில் வரும். அந்தச் சந்தேகத்துக்குக் காரணம் இருக்கிறது. ஜார்க்கண்டில் நேதர்ஹாட் என்று ஒரு மலைப்பகுதி. 1964-இல் ராணுவம் பீரங்கிப் பயிற்சி தொடங்கியது. 1938-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின் கீழ் அறிவிக்கை போட்டு நடந்தது. காலம் முடிய முடிய நீட்டித்தார்கள். எல்லையும் 245 கிராமங்கள், 1,471 சதுர கிலோமீட்டர் என்று விரிந்தது. 1994 மார்ச்சில் பழங்குடி மக்கள் ஆயிரக்கணக்கில் பாதையில் உட்கார்ந்து ராணுவ வண்டிகளைத் திருப்பி அனுப்பினார்கள். கடைசி நீட்டிப்பு 2022 மே மாதம் முடிந்தது. அந்த ஆகஸ்டில்தான் மாநில அரசு இனிப் புதுப்பிப்பதில்லை என்று முடிவு எடுத்தது. ஒரு தரம் கோடு போட விட்டால் அழிக்க எத்தனை வருடம் ஆகிறது பாருங்கள்.

இருந்தாலும் "விதியே வேண்டாம்" என்பதில் நமக்கு உடன்பாடில்லை. விதி இல்லாவிட்டால் தளம் வராது என்று பொருளல்ல. எந்த நிபந்தனையும் இல்லாமல் வரும் என்றுதான் பொருள். துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும். அது ஆளையும் ஆயுதத்தையும் பார்க்கும். நிலத்தைப் பார்க்க வேண்டியது 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டம். வீட்டு மனை, வணிகம், தொழில், விவசாயம் என்று நிலத்தைப் பிரிப்பது அதன்படிதான். அந்த இடத்தில், ஊரிலிருந்து இத்தனை கிலோமீட்டர், பள்ளியிலிருந்து இத்தனை, ஏரியிலிருந்து இத்தனை என்று எழுதச் சொல்லிக் கேட்க வேண்டும். எதிர்ப்பவர்களும் அதைத்தான் கேட்க வேண்டும் என்பது நமது எண்ணம்.

நம்மவர்களிலேயே இரண்டு கருத்து இருக்கும். தளம் வந்தால் வாசலில் டீ, பிஸ்கட், தண்ணீர் பாட்டில் போகும், சனி ஞாயிறில் கார்கள் வரும் என்று ஒரு கடைக்காரர் சொல்வார். அவர் சொல்வதும் பொய்யல்ல. ஆனால் சுடும் நாளில் பாதையை அடைத்தால் ஆடு மேய்க்கிறவர் போக முடியாது, விறகுக்கும் வயல் வேலைக்கும் போகிறவர் போக முடியாது. கூலி இல்லாத அன்று உள்ளூர் மளிகைக் கடையில் கடன் நோட்டுதான் நீளும். அந்தக் கடைக்காரரின் பாக்கி காஞ்சிபுரத்தில் நம்மிடம் நிற்கும், நமது பாக்கி மண்டியில் நிற்கும். கேட் வாசலில் ஒரு டீக்கடை செழிக்கலாம். ஊருக்குள் நாலு கடைகளின் கல்லா காலியாகும். இந்தக் கணக்கு வாசல் கடைக்காரருக்குத் தெரியாது, சரக்குப் போடுகிற நமக்குத் தெரியும்.

நிலப் பயன்பாட்டை மாற்றவோ புதிய முழுமைத் திட்டத்துக்கோ அறிவிப்பு வந்தால் ஆட்சேபணைக்குக் காலக்கெடு கொடுப்பார்கள். அறிவிப்பு நாளிதழில் ஒரு மூலையில் சின்ன எழுத்தில் இருக்கும். நம்மில் பலர் அந்தப் பக்கத்தில்தான் மிளகாய் கட்டித் தருகிறோம். கட்டும் முன் ஒரு முறை படித்துவிடுங்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 தேதிகளில் கிராம சபை கூடும். அன்று கடையைப் பையனிடம் விட்டுவிட்டு ஒரு மணி நேரம் போய் உட்கார்ந்து, தூரத்தை எண்ணில் எழுதித் தீர்மானம் போடச் சொல்லுங்கள். மனு கொடுத்தால் நகலில் தேதி முத்திரை வாங்கி, வரி ரசீதுகளோடு பத்திரமாக வையுங்கள்.